லெட் என்றால் எந்த ஈயம்? பிளம்பம், ஸ்டேனம், டின் என்ற பெயர்கள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: தங்கச்சிமடம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தனிமங்களின் குறியீடுகளை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஆங்கிலத்தில் லெட் என்று பெயர் இருக்கும்போது குறியீடு மட்டும் ஏன் ‘பி’ என்ற எழுத்தில் தொடங்குகிறது என்று கேட்டாள். பிளம்பம் என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தது என்பதுவரை சொன்னேன். அந்த இலத்தீன் பெயருக்கு என்ன பொருள், அது எந்தெந்தச் சொற்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் அவளுக்கும் எனக்கும் உதவியாக இருக்கும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சந்தேகமும் உண்டு. உண்மையில் அதுதான் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. எங்கள் வீட்டில் நண்டுவலையின் அடிக்கயிற்றில் கோக்கும் குண்டையும் ஈயம் என்கிறோம்; என் மாமியார் ரசம் வைக்கும் சொம்பையும் ஈயம் என்கிறோம். லெட் நஞ்சு என்று படித்துவிட்டு வந்த மகள், ஈயச்சொம்பில் வைத்த ரசத்தை இனித் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தன் தாயார் சீராகக் கொடுத்த பாத்திரத்தை நஞ்சு என்று பேத்தி சொல்கிறாளே என்று மாமியாருக்கு மனத்தாங்கல். லெட் என்பதற்குக் காரீயம் என்றும் டின் என்பதற்கு வெள்ளீயம் என்றும் அகராதியில் பார்த்தேன். அப்படியானால் சொம்பு எந்த ஈயம், குண்டு எந்த ஈயம்? இரண்டும் வேறு உலோகங்கள் என்றால் நாம் ஏன் ஒரே பெயரால் அழைக்கிறோம்?

பதில் 1: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தேவிபட்டினம்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் மகளின் கேள்வியும் உங்கள் மாமியாரின் வருத்தமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரண்டு உலோகங்களை ஒரே பெயரால் அழைத்து, நிறத்தை முன்னொட்டாகச் சேர்த்து வேறுபடுத்தும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் பேசிய உரோமரும் அப்படியே அழைத்தார்கள்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிரிழந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம்முடைய இயற்கை வரலாறு என்ற பெருநூலின் 34ஆம் பகுதியில், பிளம்பம் இரண்டு வகைப்படும் என்றும் ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளை என்றும் எழுதுகிறார். கறுப்பைக் குறிக்க நிக்ரம் என்ற அடைமொழியையும், வெண்மையைக் குறிக்கக் காந்திதும் அல்லது ஆல்பம் என்ற அடைமொழியையும் சேர்த்தார்கள். பிளம்பம் நிக்ரம் என்பது நம்முடைய காரீயம். பிளம்பம் ஆல்பம் என்பது நம்முடைய வெள்ளீயம். ஜூலியஸ் சீசரும் பிரிட்டன் தீவின் உட்பகுதியில் கிடைக்கும் டின் உலோகத்தைப் பிளம்பம் ஆல்பம் என்றே குறிப்பிடுகிறார். எளிதில் உருகும், கையால் வளைக்கலாம், வெட்டினால் பளபளக்கும் என்ற பொதுக் குணங்களைப் பார்த்த எந்த மக்களும் இவ்விரண்டையும் ஒரு குடும்பமாக எண்ணியிருப்பதில் வியப்பில்லை. ஆகவே, நாம் ஏன் ஒரே பெயரால் அழைக்கிறோம் என்று மகள் கேட்டால், உலகின் மிகப் பெரிய பேரரசு ஒன்றும் அப்படித்தான் அழைத்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

பிற்காலத்தில் அடைமொழிகள் உதிர்ந்தன. கறுப்பு ஈயம் மட்டும் பிளம்பம் என்ற பெயரைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. வெள்ளை ஈயத்துக்கு ஸ்டேனம் என்ற வேறொரு சொல் வந்து சேர்ந்தது. பிளினியின் காலத்தில் இந்தச் சொல் ஸ்டாக்னம் என்ற வடிவில், வெள்ளிக் கனிமத்தை உருக்கும்போது முதலில் வழியும் ஈயக் கலவையைக் குறித்தது. நான்காம் நூற்றாண்டளவில்தான் அது டின் உலோகத்துக்கு உரிய பெயராக நிலைத்தது. 1813, 1814 ஆண்டுகளில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ், எந்த நாட்டவரும் ஏற்கக்கூடியவாறு தனிமங்களுக்கு இலத்தீன் பெயர்களிலிருந்து எழுத்துக் குறியீடுகளை அமைத்தபோது, பிளம்பம் என்ற சொல்லின் முதல் எழுத்தையும் ஐந்தாம் எழுத்தையும் எடுத்து ‘பிபி’ (Pb) என்று லெட் உலோகத்துக்குக் கொடுத்தார். ஸ்டேனம் என்பதிலிருந்து டின் உலோகத்தின் ‘எஸ்என்’ வந்தது. மகளின் முதல் கேள்விக்கு விடை இதுவே.

லெட் என்ற ஆங்கிலப் பெயருக்கும் இலத்தீனுக்கும் தொடர்பில்லை. அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். டச்சு மொழியில் அதன் உறவுச்சொல் லோட் என்று வழங்குகிறது. வழிநடத்து என்று பொருள்படும் லீட் என்ற வினைச்சொல்லை ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதுவதால், நம் மாணவர்கள் பலர் உலோகத்தின் பெயரையும் லீட் என்று வாசித்துவிடுகிறார்கள். உலோகத்தை லெட் என்றே ஒலிக்க வேண்டும். அந்த இரண்டு சொற்களுக்கும் உறவு கிடையாது.

பிளம்பம் ஆங்கிலத்துக்குள் வேறு வாசல் வழியாக நுழைந்தது. உரோமானிய நகரங்களில் ஈயத் தகட்டைச் சுருட்டி, விளிம்பைப் பற்றவைத்துத் தண்ணீர்க் குழாய் செய்தார்கள். பேரரசரின் பெயர் பொறித்த குழாய்கள் இன்றும் அகழாய்வில் கிடைக்கின்றன. ஈயவேலை செய்தவரைப் பிளம்பாரியஸ் என்றார்கள். நாம் குழாய் பழுதுபார்க்க அழைக்கும் பிளம்பர் அந்தச் சொல்லின் வழிவந்தவர். அவர் கையில் இருப்பது இப்போது பிவிசி குழாய். பெயரில் மட்டும் ஈயம் நிற்கிறது. இந்தக் குழாய்களின் தீமையை அக்காலத்திலேயே உணர்ந்தவர்களும் இருந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், சுட்ட மண்குழாயில் வரும் தண்ணீரே உடலுக்கு நல்லது என்று எழுதி, அதற்குச் சான்றாக ஈயவேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தைக் காட்டுகிறார்.

பென்சிலைப் பற்றியும் மகளிடம் சொல்லுங்கள். பென்சிலின் உள்ளே இருக்கும் கரியை ஆங்கிலத்தில் இன்றும் லெட் என்கிறார்கள். அதில் ஈயம் அணுவளவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த கரும்பொருள் தாளில் கோடு இழுத்ததால், அதைக் கருப்பு ஈயம் என்றும், இலத்தீனில் ஈயம் போன்றது என்ற பொருளில் பிளம்பாகோ என்றும் அழைத்தார்கள். அது கார்பனின் ஒரு வடிவம் என்று 1779இல் வேதியியலாளர் ஷீலே காட்டினார். 1789இல் கனிமவியலாளர் வெர்னர் அதற்குக் கிராஃபைட் என்று பெயரிட்டார். பெயரைத் திருத்திய பிறகும் பேச்சு வழக்கு திருந்தவில்லை. நம் கொடுவேலிச் செடியின் தாவரவியல் பெயரும் பிளம்பாகோ என்றே தொடங்குகிறது என்பதை இடையில் ஒரு செய்தியாகச் சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஊர்க் கடலுக்குள் நிற்கும் நவகிரகக் கற்களில் சனிக்கு எள்ளும் இரும்பும் உரியவை என்பது நம் வழக்கு. ஐரோப்பிய ரசவாதிகள் சனிக்கு ஈயத்தைக் கொடுத்தார்கள். அதனால்தான் ஈய நஞ்சேறும் நோய்க்குப் பழைய மருத்துவ நூல்களில், சனிக்கோளின் ஆங்கிலப் பெயரான சாட்டர்ன் என்பதையொட்டிய சாட்டர்னிசம் என்ற பெயரும் பிளம்பிசம் என்ற பெயரும் சேர்ந்தே காணப்படுகின்றன.

பதில் 2: பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருப்பவர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்கு மிக்க நன்றி. நான் கடல்பக்கத்துச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

அக்கா, உங்கள் வீட்டு நண்டுவலையில் கோத்திருப்பது சந்தேகமில்லாமல் காரீயம், அதாவது ஆங்கிலேயர் சொல்லும் லெட். வலைக்கு வெள்ளீயத்தை யாரும் வாங்கிக் கட்டமாட்டார்கள். விலை பல மடங்கு அதிகம், எடையும் குறைவு. காரீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், வெள்ளீயத்துக்கு 7.3 கிராம்தான். கரையில் 1 கிலோ எடையுள்ள காரீயம் கடல்நீருக்குள் இறங்கினாலும் சுமார் 910 கிராம் எடையோடு இழுக்கும். அதே 1 கிலோ கருங்கல்லைக் கட்டினால் தண்ணீருக்குள் 620 கிராம் அளவுக்கே இழுவை இருக்கும். வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கத்தில், ஆழம் குறைவு என்றாலும் நீவாடு என்னும் நீரோட்டம் இழுக்கும் நாளில் வலையின் அடிப்பகுதி தரையோடு படியவேண்டும். சிறிய உருவத்தில் பெரிய எடை வேண்டும் என்ற அந்தத் தேவைக்காகத்தான் ஈயம்.

இந்த உலோகத்தின் இலத்தீன் பெயர் மாலுமிகளின் பேச்சிலும் நிறையவே தங்கியிருக்கிறது. எதிரொலிக் கருவி வருவதற்கு முன்பு கப்பல்காரர்கள் சுமார் 3 முதல் 6 கிலோ எடையுள்ள ஈயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். அந்த ஈயத்தின் அடிப்பக்கத்தில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பி இறக்கினால், தரையில் இருக்கும் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆழத்தோடு தரையின் தன்மையும் தெரிந்துவிடும். நாம் இரண்டு கைகளையும் விரித்துப் பாகம் என்று அளப்பதைப் போலவே அவர்கள் ஃபேதம் என்று ஆறடி அளந்தார்கள். ஆழம் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பிளம்ப் என்ற வினை, கொத்தனார் சுவரின் நேர்த்தியைப் பார்க்கும் தூக்குக்குண்டின் ஆங்கிலப் பெயர், பங்குவிலை செங்குத்தாகச் சரிந்தது என்பதற்குச் செய்தித்தாள்கள் எழுதும் பிளம்மெட் என்ற சொல் ஆகிய எல்லாமே பிளம்பம் என்ற பெயரிலிருந்து பிறந்தவை. கொத்தனாரின் குண்டு இப்போது இரும்பிலும் பித்தளையிலும் வருகிறது. நேராகத் தொங்கும் எடை என்ற பொருள் மட்டும் மாறவில்லை. நம் பக்கத்து வேதாளையில் ஒரு காலத்தில் தங்கியிருந்த போர்த்துகீசியர்கள் ஈயத்தை ஷும்பு என்று சொன்னார்கள். அதுவும் பிளம்பம் தேய்ந்து வந்த வடிவமே.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தூண்டில் கயிற்றில் சிறு ஈயத்தைக் கோத்து, பிளவைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் நம் கடற்கரை முழுவதும் உண்டு. குறடு கையில் இருக்கும்போது பல்லைப் பயன்படுத்த வேண்டியதில்லை. பழைய பேட்டரியின் தட்டுகளை உடைத்து, சமையல் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உருக்கிக் குண்டு வார்ப்பது அதைவிடக் கேடு. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால் விறகடுப்பே போதும் என்று தோன்றும்; பேட்டரித் தட்டில் உலோகத்தோடு ஈய உப்புகளும் அமிலமும் இருப்பதால், எழும் புகையும் தூளும் துணியில், மண்ணில், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் படிந்துவிடும். குழந்தைகளுக்கு இந்த அளவுவரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. பெட்ரோலில் கலந்துவந்த ஈயத்தை நம் நாடு 2000ஆம் ஆண்டில் நிறுத்தியதற்கும் இதுவே காரணம். நண்டுவலையைப் பிரித்த கையோடு உணவுக்கு உட்கார வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பதில் 3: பாத்திரக்கடை வைத்திருப்பவர், கீழக்கரை

அம்மா, உங்கள் மாமியாரின் மனக்குறையைத் தீர்க்கும் பதிலை நான் எழுத விரும்புகிறேன். ஈயச்சொம்பு மரபாக வெள்ளீயத்தால் செய்யப்படுவது. ஆங்கிலத்தில் அதன் பெயர் டின். பேத்தி படித்த லெட் வேறு, பாட்டி வைத்திருக்கும் டின் வேறு.

இங்கே டின் என்ற சொல்லும் நம்மிடம் தடம் மாறிவிட்டது. பால் டின், பிஸ்கட் டின் என்று நாம் சொல்வது இரும்புத் தகட்டில் மெல்லியதாக வெள்ளீயம் பூசிய டப்பாவை. தகரம் என்ற தமிழ்ச் சொல் பழைய நூல்களில் வெள்ளீயத்தையே குறித்தது; இன்று தகரக் கொட்டகை என்றால் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு வேய்ந்தது என்று பொருள். ஆக, ஒரு கடையில் நின்று டின், தகரம், ஈயம் என்று மூன்று சொற்களைச் சொன்னால் எந்த உலோகத்தைக் கேட்கிறோம் என்று விற்பவருக்கே தெளிவாக இராது. வெள்ளீயம் என்று முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது.

எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில், பலர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் சஹன் சாப்பாட்டுக்குச் சோறாக்கும் பெரிய செம்புத் தேக்சாக்களுக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால்தான். பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, கனலில் நன்றாகச் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவுவார்கள். வெள்ளைப் புகை குப்பென்று எழும். அந்தப் புகை செம்பின் மேலிருக்கும் கறையை அகற்றுகிறது. உடனே ஈயக் கம்பியைச் சூட்டில் ஒற்றி, பஞ்சால் ஒரே வீச்சில் வழித்தால், சிவந்த செம்பு கண்முன்னே வெள்ளிபோல் மாறிவிடும். கை தாமதித்தால் பூச்சு திட்டுத்திட்டாக நின்றுவிடும் என்பதால் கைதேர்ந்த கலாய்க்காரர்களுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட பிளினி இதையும் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்த செய்தி: ஸ்டாக்னம் பூசிய செம்புப் பாத்திரத்தில் உணவின் சுவை கூடும், செம்புக் களிம்பின் நஞ்சும் அடங்கும் என்பது அவருடைய குறிப்பு. அதே பகுதியில், இந்தியாவில் செம்பும் இல்லை பிளம்பமும் இல்லை, தன் மணிகளையும் முத்துகளையும் கொடுத்தே அவற்றை வாங்கிக்கொள்கிறது என்றும் எழுதுகிறார். மன்னார் வளைகுடாவின் முத்து உரோமுக்குப் போன காலம் அது. வைகை கடலோடு சேரும் அழகன்குளத்தில் உரோமானியக் காசுகளும் பானையோடுகளும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. இந்தியாவில் ஈயமே இல்லை என்று அவர் சொன்னது சரியன்று. ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கங்கள் அவருக்கு முன்பே தோண்டப்பட்டவை. ஆனால் மேற்கிலிருந்து நம் நாட்டுத் துறைமுகங்களுக்குச் செம்பும் வெள்ளீயமும் காரீயமும் வந்திறங்கின என்பதைக் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரியக் கடற்பயண நூலும் உறுதிசெய்கிறது.

இப்போது கவனிக்க வேண்டியது கலப்படம். காரீயம் மலிவு என்பதால், அதைக் கலந்து வார்த்த சொம்புகள் சந்தையில் உண்டு. தூய வெள்ளீயத் தகட்டைக் காதருகே வளைத்தால் நறநறவென்று மெல்லிய ஒலி கேட்கும், காரீயம் ஒலிக்காது. காரீயத்தைத் தாளில் இழுத்தால் சாம்பல்நிறக் கோடு விழும். புதிதாகக் கீறிய இடம் சில நாட்களில் மங்கிக் கருத்தால் காரீயம் இருப்பதாகச் சந்தேகிக்கலாம். உரோமர்கள் உருகிய உலோகத்தைப் பப்பைரஸ் தாளில் ஊற்றிப் பார்த்தார்கள். தாள் சூட்டால் கருகாமல், எடையால் கிழிவதுபோல் கிழிந்தால் அது வெள்ளை ஈயம் என்று கொண்டார்கள். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுவதால் அந்தச் சோதனை பலித்திருக்கும். இவையெல்லாம் தனி உலோகத்துக்குப் பொருந்துமே தவிர, சிறிதளவு காரீயம் கலந்த பாத்திரத்தைக் கண்டுபிடிக்க உதவா. புதிதாக வாங்கும் சொம்பை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த பிறகே புளிரசத்தை ஊற்றுங்கள். புளிப்பு காரீயத்தைக் கரைத்தெடுக்கும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றவே கூடாது. கண்ணெதிரே உருகி வழிந்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி: தங்கச்சிமடம் வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மகளையும் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்து உரக்க வாசித்தேன். சொம்பு பழையது என்றாலும் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். எங்கள் அகராதியில் ஈயத்துக்கு நாகம், வங்கம் என்ற பெயர்களும் கொடுக்கப்பட்டுள்ளன. மருந்துக்கடையில் நாக பற்பம் என்ற பெயரைப் பார்த்த நினைவும் இருக்கிறது. அதுவும் லெட் தானா?

பதில் 4: சித்த மருத்துவர், இராமநாதபுரம்

இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாயிற்று. பெயர்க் குழப்பம் உயிருக்கே கேடாக முடியக்கூடிய இடம் இதுவே.

சித்த மருத்துவத்தில் வங்கம் என்பது பொதுப்பெயர். கருவங்கம் என்றால் காரீயம். வெள்வங்கம் என்றால் வெள்ளீயம். இலத்தீனின் கறுப்பு பிளம்பமும் வெள்ளை பிளம்பமும் நம் மருத்துவ வழக்கில் அப்படியே இணையாக இருப்பதைக் காண்கிறீர்கள். வங்கம் என்பதற்குக் கப்பல் என்ற பொருளும் இருப்பதால், பழம்பாடல்களை வாசிக்கும்போது இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

நாகம் என்ற சொல்தான் மிகுந்த கவனத்துக்கு உரியது. சித்த மருத்துவ வழக்கில் நாகம் என்பது துத்தநாகத்தைக் குறிக்கும், ஆங்கிலத்தில் ஜிங்க். ஆயுர்வேதத்தின் வடமொழி வழக்கில் நாகம் என்பது காரீயத்தைக் குறிக்கும். துத்தநாகத்துக்கு யசதம் என்ற வேறு பெயர் உண்டு. ஆகவே, சித்த மருந்தான நாக பற்பமும் ஆயுர்வேத மருந்தான நாக பஸ்மமும் பெயரளவில் ஒன்றுபோல் தோன்றினாலும், முன்னது துத்தநாகத்தையும் பின்னது காரீயத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை யாரும் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. உலோகம் சேர்ந்த எந்த மருந்தையும், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும், பதிவுபெற்ற மருத்துவரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் எடுக்க வேண்டாம். மருந்துப் புட்டியின் மேல் எழுதியுள்ள பெயரோடு, அது எந்த மருத்துவ முறைக்கு உரியது என்ற வரியையும், உட்பொருட்களின் பட்டியலையும் சேர்த்துப் படியுங்கள். அந்தப் பட்டியலில் உலோகத்தின் பெயர் ஐயத்துக்கு இடமாக இருந்தால், லெட்டா ஜிங்கா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே வாங்குங்கள்.